தடைசெய்யப்பட்ட டங்க் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடுகிறேன். கூடவே ஒரு மிகைப்புனைவு சாகச நாவலும் எழுதி வருகிறேன். அதில் ஒரு மலைநாடு. உயரே தாவி வளையத்துக்குள் பந்தை அறையும் ஒரு விளையாட்டு அங்கே ஒருகாலத்தில் இருந்தது. பின்னால் வந்த அரசன் அதைத் தடைசெய்து, அதைப் பற்றிய ஏடுகளை எல்லாம் எரித்துவிடுகிறான். முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு பெண் அதை மீட்கிறாள். படித்த நண்பர்கள் இரண்டு குறை சொல்கிறார்கள். தாவும் காட்சிகள் பயிற்சிக் கையேடு மாதிரி இருக்கின்றனவாம். அரசனை நம்ப முடியவில்லையாம். எப்படிச் சரிசெய்வது?

க.

அன்புள்ள க.,

உங்கள் அரசனை நம்ப முடியாததற்குக் காரணம் அந்தத் தீதான். வரலாற்றை மறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எதையும் எரிப்பதில்லை. ஒரு விதியைத் திருத்துவார்கள், அதற்கு நல்ல காரணமும் சொல்வார்கள். டங்க், அதாவது உயரே தாவிப் பந்தை வளையத்துக்குள் அறைவது, அதன் கதையே இதற்குச் சாட்சி. 1967-இல் லூ அல்சிண்டர், அதாவது பின்னாளைய கரீம் அப்துல் ஜப்பார், ஆடிய யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் அமெரிக்கக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. அந்தப் பருவம் முடிந்த கையோடு கல்லூரி ஆட்டங்களில் டங்க் அடிக்கவே கூடாது என்று விதி வந்தது. காயம் படுகிறது, வளையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகை சேதமாகிறது என்றார்கள். ஆனால் அதற்கு நிலைத்த பெயர் ‘அல்சிண்டர் விதி’. கறுப்பின வீரர்களைக் குறிவைத்த விதி என்றே அல்சிண்டர் கருதினார். 1976 வரை அந்தத் தடை நீடித்தது.

நாவலாசிரியராக நீங்கள் பார்க்க வேண்டியது அந்த இடைவெளியில் என்ன முளைத்தது என்பதை. பள்ளி நாட்களிலிருந்தே அல்சிண்டர் கையில் இருந்த ஹூக் ஷாட், அதாவது ஒரு கையை வளைவாக உயர்த்தித் தலைக்கு மேலிருந்து பந்தை எறிவது, அந்த ஆண்டுகளில் கூர்மையடைந்தது. யாராலும் தடுக்க முடியாத ‘ஸ்கை ஹூக்’ அதுதான். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணியின் டேவிட் தாம்ப்சன் வளையத்துக்கு மேலே வரும் பந்தை அந்தரத்தில் பிடித்து, அறையாமல், மெல்ல உள்ளே விடுவார். ‘ஆலி-ஊப்’ எனப்படும் இந்த உத்தி பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1975-இல், சொந்த மைதானத்தில் ஆடிய கடைசிக் கல்லூரி ஆட்டத்தில், அவர் ஒரு டங்க் அடித்தார். விதிமீறல் என்று டெக்னிகல் ஃபவுல் கொடுத்தார்கள். தடையின் ஏடுகள் எல்லாம் தொலைந்துபோனாலும், தாம்ப்சன் பந்தை ஏன் இவ்வளவு மென்மையாக விடுகிறார் என்று கேட்கத் தெரிந்த ஒருத்தி அந்தத் தடையைக் கண்டுபிடித்துவிடுவாள். உங்கள் நாயகிக்கு அந்தக் கண்ணைக் கொடுங்கள்.

மறைப்பவர் அரசராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1984 டிசம்பரில், மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸ் நகரில், ஜார்ஜியான் வெல்ஸ் டங்க் அடித்தார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் டங்க் அடித்த முதல் பெண் அவர்தான். அதைப் பதிவுசெய்த வீடியோ எதிரணிப் பயிற்சியாளரிடம் இருந்தது. கேட்டும் அவர் தரவில்லை. அது 2009-இல்தான் வெளியே வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள்! பார்த்தவர்களின் சொல்லைத் தவிர அந்தப் பெண்ணிடம் காட்ட எதுவுமே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சாதாரண மனிதரின் அலமாரி போதும், ஒரு வரலாறு காணாமல்போக. உங்கள் நாவலில் அப்படி ஒருவர் வந்தால், அரசனைவிட அவரைத்தான் வாசகர்கள் மறக்கமாட்டார்கள்.

சரி, தாவும் காட்சிக்கு வருவோம். நீங்களே ஆடுபவர் என்பதால் இது உங்களுக்குத் தெரியாததில்லை: வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆனால் டங்க் தரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கடைசிக்கு முந்தைய அடி நீளமாக விழ வேண்டும், இடுப்பு தாழ வேண்டும். கடைசி அடி குட்டையாக, சட்டென்று. ஓடிவந்த வேகம் முழுக்க அந்த ஒரு மிதியில் மேல்நோக்கித் திரும்புகிறது. பின்னால் போன கைகள் அதே கணத்தில் மேலே வர வேண்டும். ஒற்றைக்கால் தாவலில் வலதுகைக்காரர் இடது காலால் எழும்புவார். இரட்டைக்கால் தாவலில் பாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து பிரேக் போடும்.

இதை அப்படியே எழுதினால் கையேடுதான். அதனால் அந்த அடியை எடுத்து வேறொரு இடத்தில் ஒளித்துவையுங்கள். அந்த மலைநாட்டில் எல்லோரும் ஆடும் ஒரு நடனம் இருக்கட்டும். அதில் ஒரே ஓர் அடி மட்டும் காரணமே இல்லாமல் நீண்டு, தாழ்ந்து, அடுத்தது வெட்டினாற்போல் விழட்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பாட்டி அப்படி ஆடினாள், நாமும் ஆடுகிறோம், அவ்வளவுதான். நாயகி ஒருநாள் அதை ஓடிவந்து ஆடிப்பார்க்கட்டும். கால்கள் தானாகத் தரையை விட்டு எழும். நுட்பத்தை விளக்க வேண்டிய தேவையே அப்போது உங்களுக்கு வராது, ஏட்டையும் தேட வேண்டாம். நண்பர்கள் சொன்ன இரண்டு குறைகளும் அந்த ஓர் இடத்திலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், முதல் முயற்சியிலேயே அவளை வெற்றிபெற வைக்காதீர்கள். பந்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர். விரல் வளையத்தைத் தொட்டால் போதாது, மணிக்கட்டு மேலே போக வேண்டும். கொஞ்சம் முன்னதாகவே எழும்பிவிட்டால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதி, மைதானத்தின் நடுப்பகுதி வரைக்கும் தெறித்துப் போகும். உள்ளங்கையில் அந்த அதிர்வு கொஞ்ச நேரம் நிற்கும், இல்லையா? அதை எழுதுங்கள். சிறிய பந்தால் பழகி, பிறகு பெரிய பந்துக்கு வருவது நிஜத்தில் எல்லோரும் செய்வது. அவளும் கையில் அடங்கும் ஒரு காயை வைத்துத் தொடங்கலாம்.

நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் அவள் எழும்புகிறாள், அறைகிறாள், உடனே கூட்டம் கத்துகிறது. இறங்குவதே இல்லை. வேகத்தில் கால் முன்னே வழுக்கி, முதுகு தரையில் அடிபடும் அபாயம் இறங்கும்போதுதான் இருக்கிறது. அதனால்தான் ஆபத்து என்றால் மட்டும் வளையத்தைப் பிடித்துத் தொங்க விதிகளும் இடம் கொடுக்கின்றன. அவளுக்கு முந்நூறு ஆண்டுகளாக யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. அந்த இறக்கத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மூன்றாவது அத்தியாயத்தைத் திருத்தி அனுப்புங்கள். கட்டாயம் படிக்கிறேன்.

அன்புடன்.