ஸ்கேன் நன்றாக இருக்கிறது, அவர்தான் நன்றாக இல்லை

கேள்வி: புறக்கோட்டையில் கணக்காளராக இருந்த என் கணவருக்கு 47 வயது. மூளையின் முன்பகுதியில் இருந்த கட்டியைச் சத்திர சிகிச்சை செய்து எடுத்தார்கள், கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. ஸ்கேன் நன்றாக இருக்கிறதாம். ஆனால், ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர், தேநீரில் சீனி குறைந்ததற்காக மகளின் முன்னால் கோப்பையை எறிந்தார். மற்ற நேரங்களில் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். மின்சாரப் பட்டியலை மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். இது நோயா, குணமா? கிளினிக்கில் சொன்னால் அவரைக் காட்டிக்கொடுப்பது போலாகாதா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புச் சகோதரிக்கு, குணம் என்ற முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். கோபத்தை அடக்குவதிலும் ஒரு வேலையைத் தொடங்கத் தூண்டுவதிலும் மூளையின் முன்மடலுக்குப் பெரும் பங்குண்டு. அங்கே கட்டி வந்த பிறகு சினம் சட்டென்று பொங்குவதும், எதிலும் நாட்டமில்லாமல் போவதும், இரண்டும் ஒருவரிடமே மாறி மாறித் தோன்றுவதும் உண்டு. நாட்டமின்மையும் மனச்சோர்வும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சிகிச்சை வேறு என்பதால், அவற்றைப் பிரித்தறிய உளமருத்துவர் ஒருவர் பார்ப்பது நல்லது. கதிர்வீச்சுக்குப் பின் வரும் களைப்பும் பல வாரங்கள் நீடிக்கக்கூடும். ஆயினும் என் மனதில் தங்கியது அந்த மின்சாரப் பட்டியல்தான். காலமெல்லாம் கணக்கு எழுதிய ஒருவர், ஒரு கூட்டல் தம் கைக்கு வராததைக் கண்டு, யாரிடமும் சொல்லாமல் அதை மடித்து வைத்திருக்கிறார். அந்த வெட்கமும் கோப்பையை எறிந்திருக்கலாம்.

மாத்திரைகளின் பெயர்களை நீங்கள் எழுதவில்லை. வலிப்புக்கு லெவெடிரசெட்டம் எடுப்பவராயின், எரிச்சலும் ஆத்திரமும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. மூளை வீக்கத்துக்கான டெக்ஸாமெதசோன் தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கும். அதை எடுக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, திடீரென விடுவது ஆபத்து.

கிளினிக்கில் அவர் பத்து நிமிடம் நன்றாகவே பேசிவிட்டு வருவார். தம் மாற்றத்தைத் தாமே உணராதிருப்பதும் இந்த நோயில் உண்டு. ஆகவே வீட்டிலிருப்பவர் சொல்வது வைத்தியருக்குத் தேவையான தகவலே. ஒரு கொப்பியில் இரண்டு வாரத்துக்கு, எத்தனை மணிக்கு, எந்த மாத்திரைக்குப் பின் என்ன நடந்தது என்று எழுதி, அவருக்குத் தெரியும்படியே கொண்டுபோங்கள். மனவேதனைக்கு 0 முதல் 10 வரை நோயாளியே எண் கொடுக்கும் முறை ஒன்று புற்றுநோய் சிகிச்சையில் வழக்கத்தில் உள்ளது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் மேலும் விசாரிப்பார்கள். "எப்படி இருக்கிறீர்கள்" என்றால் பேசாத கணக்காளர், எண் கேட்டால் சொல்லக்கூடும். உங்கள் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். அதற்காகவும் உளவளத்துணை கேட்கலாம்.

புதிய தலையிடி, வாந்தி, தூக்கக்கலக்கம், கைகால் பலவீனம் தோன்றினாலோ, வாழ விருப்பமில்லை என்று அவர் சொன்னாலோ, கிளினிக் திகதி வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால், தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ நீங்களும் அழைக்கலாம், அவரும் அழைக்கலாம்.