காலிபிளவரில் அடிச்சாம்பல்: கார்பென்டாசிமுக்கு ஏன் கேட்கவில்லை?

கேள்வி: காலிபிளவர் போட்டிருக்கிறேன். ஒரு பகுதி நட்டு மூன்று வாரம் ஆகிறது, மீதி இன்னும் நாற்றங்காலில் இருக்கிறது. இரவில் குளிர், காலையில் நல்ல பனி. அடியிலைகளின் மேல்பக்கம் மஞ்சள் திட்டுகள் விழுந்து, பிறகு சருகாகக் காய்கின்றன. இலையைத் திருப்பினால் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நாற்றிலும் இதேதான். கார்பென்டாசிம் என்ற பூஞ்சை மருந்து இரண்டு முறை, நனையும் கந்தகம் ஒரு முறை அடித்தும் நிற்கவில்லை. பக்கத்தில் உள்ள வெள்ளரியிலும் இதே நோய் என்கிறார்கள். அங்கிருந்து வந்ததா? நாற்றை அழித்துவிடலாமா? பூ கெட்டுப்போகுமா?

பதில்: வணக்கம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் அடிச்சாம்பல் நோயைத்தான் காட்டுகின்றன. இலையைத் திருப்பிப் பார்த்தீர்களே, பார்க்க வேண்டிய இடம் அதுதான். மேல்பக்க மஞ்சளை மட்டும் பார்த்துவிட்டு, தழைச்சத்துக் குறைவு என்று யூரியா போடுகிறவர்கள் நிறைய. அதில் இலை இன்னும் மெதுமெதுப்பாக அடர்ந்து, ஈரம் காயாமல் நின்று, நோய்க்குத்தான் வசதியாகிறது. நீங்களும் இப்போதைக்கு யூரியாவை நிறுத்தி வையுங்கள்.

அடித்த மருந்து ஏன் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இது தெரிந்திருப்பது முக்கியம். இந்த நோயை உண்டாக்கும் ஹயலோபெரோனோஸ்போரா பார்வைக்குப் பூஞ்சை போல இருந்தாலும் உண்மையான பூஞ்சை இல்லை. ஊமைசீட்ஸ் என்ற தனி வகை. உருளைக்கிழங்கில் பின்கருகல் உண்டாக்கும் கிருமியும் இதே வகைதான். பழுப்புப் பாசிகளுக்குத்தான் இவை நெருங்கிய உறவு. உண்மையான பூஞ்சைகளில் செல் பிரிவதற்குத் தேவையான ஒரு புரதத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் கார்பென்டாசிமின் வேலை. இந்தக் கிருமியில் அந்தப் பிடி விழுவதே இல்லை. ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள், பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டிரால் என்ற பொருள் உருவாவதைத் தடுப்பவை. இந்தக் கிருமி அதை உருவாக்குவதே இல்லை. நனையும் கந்தகம் சாம்பல் நோய்க்கு நல்ல மருந்து, ஆனால் சாம்பல் நோய் வேறு, அடிச்சாம்பல் வேறு. ஆகவே நீங்கள் அடித்த அளவு போதவில்லை என்று நினைத்து, அதையே கூட்டி அடிக்க வேண்டாம். பத்து மடங்கு அடித்தாலும் நிற்காது, செலவும் பயிரில் எச்சமும்தான் மிஞ்சும்.

மருந்து வாங்கப் போவதற்கு முன் நோயை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பனி உலர்வதற்கு முன் விடிகாலையில் போய், மஞ்சள் திட்டுக்கு நேர் கீழே இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நரம்புகளுக்கு நடுவில் அடைபட்டு வெள்ளையாகவோ இலேசான சாம்பல் நிறத்திலோ படர்ந்திருந்தால் அடிச்சாம்பல். சில இலைகளில் மஞ்சளுக்குப் பதிலாகப் பொடிப்பொடியான கரும்புள்ளிகள் வலை பின்னியது போல வரும், அதுவும் இந்த நோய்தான். சந்தேகம் இருந்தால், திட்டு விழுந்த இலையை ஈரத்துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்ச்சியான இடத்தில் ஓர் இரவு வையுங்கள். கிருமி உயிரோடு இருந்தால் பெரும்பாலும் மறுநாள் காலையில் வெள்ளைப் பூப்பு தெரியும். வெள்ளைப் பொடி இலையின் மேல்பக்கத்திலும் படிந்து, விரலில் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தால் அது சாம்பல் நோய். வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் ஆல்டர்னேரியா இலைப்புள்ளி. இலை விளிம்பிலிருந்து உள்நோக்கி முக்கோணமாக மஞ்சள் இறங்கி, அதில் நரம்பு கறுத்திருந்தால் கருப்பழுகல். அது பாக்டீரியா நோய், அதற்கு வைத்தியமே வேறு.

சரி, மருந்துக்கு வருவோம். நோய் உள்ளே இறங்கிவிட்டதால் இலைக்குள் ஊடுருவும் மருந்து ஒன்று தேவை. மெட்டலாக்சில் 8 சதவீதமும் மேங்கோசெப் 64 சதவீதமும் கலந்த தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து அடிப்பது வழக்கம். ஆனால் உங்கள் பகுதியில் காலிபிளவருக்கு அனுமதி உள்ள மருந்துதானா என்று கேட்டு, லேபிளில் போட்டிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். சைமாக்ஸனில், டைமீத்தோமார்ப், அசாக்ஸிஸ்ட்ரோபின் ஆகியவையும் இந்த வகைக் கிருமிக்கு வேலை செய்பவை. மெட்டலாக்சிலை மட்டும் நம்பித் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். அதைத் தாங்கிப் பழகிய கிருமிகள் காலிபிளவர் குடும்பப் பயிர்களிலேயே உருவாகியிருக்கின்றன. ஒரு பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். மேங்கோசெப், காப்பர் ஆக்சிகுளோரைடு இரண்டும் இலைமேல் காவல் நிற்பவை. நோய் வருமுன் அடித்தால் தடுக்கும், உள்ளே நுழைந்ததை வெளியேற்றாது. தாமிர மருந்துகள் பெயர் பெற்றதே அடிச்சாம்பலில்தான்: மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1885இல் பிரான்சில் திராட்சையின் அடிச்சாம்பலுக்குத்தான் அறிமுகமானது. ஆனால் இளம் நாற்றில், இலை காயத் தாமதமாகும் குளிர்நாளில் தாமிரம் இலையைக் கருக்கக்கூடும், கவனம் வேண்டும்.

எந்த மருந்தானாலும் அது போய்ச் சேர வேண்டியது இலையின் அடிப்பக்கத்துக்கு. காலிபிளவர், முட்டைக்கோஸ் இலைகளில் மெழுகுப்பூச்சு இருப்பதால் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு விழுந்துவிடும். ஒட்டும் திரவம் கட்டாயம் சேருங்கள். தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேல்நோக்கித் திருப்பி, மெல்லிய துளிகளாக நனையுங்கள். நல்ல மருந்து வாங்கி மேலாக அடித்துவிட்டு, பலன் இல்லை என்று மருந்தைக் குறை சொல்பவர்கள் அதிகம். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, பனி உலர்ந்த பிறகு, காற்று இல்லாத நேரத்தில் அடியுங்கள்.

மருந்தைவிட ஈரத்தைக் குறைப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. இரவில் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் குளிரும் காற்றில் நிறைந்த ஈரமும் இருந்தால் இலையடியில் வித்துகள், அதாவது நோயைப் பரப்பும் நுண்ணிய துகள்கள், உருவாகின்றன. காலையில் காற்றிலும் தெறிக்கும் நீரிலும் பரவி, சில மணி நேரம் இலை நனைந்திருந்தாலே புதிய இலைக்குள் முளைத்து நுழைந்துவிடும். சாதகமான நாட்களில் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். வெயில் ஏறிக் காற்று உலர்ந்தால் அதன் வேகம் தானாகவே அடங்கும். ஆகவே மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். காலையில் ஊற்றினால் இருட்டுவதற்குள் இலை காய்ந்துவிடும். தெளிப்புநீர் இருந்தால் இப்போதைக்கு வாய்க்காலுக்கோ சொட்டுநீருக்கோ மாறுங்கள்.

நாற்றை மொத்தமாக அழிக்க வேண்டாம். பிரித்துப் பாருங்கள். முளைத்ததும் முதலில் விரியும் வித்திலையில் மட்டும் திட்டு இருந்து, குருத்தும் உண்மை இலைகளும் சுத்தமாக இருக்கும் நாற்று பிழைத்துக்கொள்ளும். மருந்து அடித்துச் சில நாள் கவனித்து, புதிய திட்டு வரவில்லை என்றால் நடலாம். குருத்தே வெளிறி, வளர்ச்சி நின்று குட்டையாக இருப்பதை எடுத்துவிடுங்கள். நட்டாலும் அது தேறாது, வயலுக்கு நோயைத்தான் கொண்டுபோகும். பிடுங்கியதை வரப்பில் போடாமல் தள்ளிக் கொண்டுபோய் ஆழமாகப் புதையுங்கள். மருந்து அடித்ததை மாட்டுக்கும் போட வேண்டாம். மிச்ச நாற்றைக் கலைத்து, பகலில் மூடாக்கை நீக்கிக் காற்றோட்டமும் வெளிச்சமும் படும்படி விடுங்கள். இந்த நோய் மிகவும் கெடுப்பது நாற்றுப் பருவத்தைத்தான், அதனால் உங்கள் கவனம் முதலில் அங்கே இருக்கட்டும்.

நட்ட வயலைப் பொறுத்தவரை பயப்படும் நிலை இன்னும் வரவில்லை. அடியிலை சில போனாலும் மேலே வரும் இலைகள் சுத்தமாக இருந்தால் விளைச்சல் பெரிதாகக் குறையாது. நோய் கண்ட அடியிலைகளைக் காய்ந்த நேரத்தில் கிள்ளி அகற்றுங்கள். பூ பிடிக்கும் நேரத்தில் பனி தொடர்ந்தால்தான் ஆபத்து. கிருமி பூவுக்குள் இறங்கினால் மேலே பழுப்புத் திட்டும், அறுத்துப் பார்த்தால் தண்டில் கறுத்த கோடுகளும் தெரியும். அந்தப் பூவில் பாக்டீரியா அழுகலும் சேர்ந்துகொள்ளும். பூ தெரிய ஆரம்பிப்பதற்கு முன்பே நோயை அடக்கிவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பூ வந்தபின் அடித்தால், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று லேபிளில் இருப்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

வெள்ளரியிலிருந்து இது வரவில்லை. வெள்ளரியின் அடிச்சாம்பலை உண்டாக்குவது சூடோபெரோனோஸ்போரா என்ற வேறொரு கிருமி. அது காலிபிளவரில் வராது, இது வெள்ளரியில் வராது. உங்களுக்கு வந்தது பழைய கோஸ், காலிபிளவர் கட்டைகளிலிருந்தோ, தானாக முளைத்த செடிகளிலிருந்தோ, கடுகுக் குடும்பக் களைகளிலிருந்தோ இருக்கலாம். தடித்த சுவருள்ள உறங்கு வித்துகள் மண்ணிலும் கழிவிலும் அடுத்த பயிர் வரை காத்திருக்கும். அறுவடை முடிந்ததும் கட்டைகளை நிற்க விடாமல் உழுது மடக்குங்கள். அந்த நிலத்தில் இரண்டு மூன்று வருடமாவது கோஸ், முள்ளங்கி, கடுகு எதுவும் போடாமல் வேறு பயிர் வையுங்கள். நாற்றங்காலையும் இடம் மாற்றுங்கள்.

ஊடுருவும் மருந்தைச் சொன்னபடி அடிப்பக்கம் நனைய அடித்து, ஒரு வாரம் கழித்துப் புதிய இலைகளைத் திருப்பிப் பாருங்கள். பழைய திட்டு பச்சையாக மாறாது, அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். புதிய இலையிலும் வெள்ளை பூத்திருந்தால் அதே மருந்தை மறுபடி அடிக்காமல், இலையை எடுத்துக்கொண்டு பயிர் நோய்ப் பரிசோதனை செய்யும் இடத்தில் காட்டுங்கள். இதுவரை அடித்த மருந்துகளின் பெயர், தேதி, அளவு மூன்றையும் எழுதிக்கொண்டு போனால், அடுத்து எந்த வகை மருந்துக்கு மாறுவது என்று அவர்கள் உடனே சொல்ல முடியும்.