கம்ப்யூட்டர் ஏன் பந்தை விட மாட்டேன் என்கிறது?

கேள்வி: கிரிக்கெட் வீடியோ கேமில் லெவலை ‘ஹார்ட்’ என்று வைத்தாலும் டெஸ்ட் மேட்சில் எதிரணி முதல் நாள் டீ இடைவேளைக்குள் ஆல் அவுட் ஆகிவிடுகிறது. ஆனால் என் பேட்டிங் மட்டும் படுகஷ்டமாகிறது. இது என்ன நியாயம்?
- வாசகர், விருதுநகர்

பதில்: நியாயமே இல்லை, உங்கள் கோபம் சரிதான். பல கேம்களில் லெவலைக் கூட்டினால் கம்ப்யூட்டருக்கு ஆட்ட அறிவு கூடுவதில்லை. நீங்கள் பட்டனை அழுத்தக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது, எதிரணியின் கேட்ச் நழுவுவது குறைகிறது, அவ்வளவுதான். டெஸ்ட் ஆடத் தெரிய வேண்டிய முதல் விஷயம் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைச் சும்மா விடுவது. அதைச் சொல்லிக்கொடுக்காமல் பந்து கண்ணில் பட்டாலே மட்டையை வீசுகிற ஆளைத்தான் நம் எதிரில் நிறுத்துகிறார்கள்.

தென்னாப்பிரிக்க பேட்ஸ்மேன் டிவில்லியர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜனவரியில் ஜோஹன்னஸ்பர்க் ஒருநாள் போட்டியில் 31 பந்தில் சதம் அடித்தார். அதே மனிதர் அதே டிசம்பரில் டெல்லி டெஸ்டில், தோல்வியைத் தவிர்க்க வேண்டும் என்று 297 பந்து நின்று எடுத்தது 43 ரன். அவருடன் ஆடிய ஆம்லா 244 பந்தில் 25. மொத்த அணியும் 143.1 ஓவரில் 143 ரன்! கடைசியில் தோற்றார்கள்தான், ஆனாலும் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் இந்தியா எவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது! கேமில் டிவில்லியர்ஸ் என்றால் ‘அதிரடி’ என்று ஒரு எண்ணைப் போட்டு வைத்துவிடுகிறார்கள், ஸ்கோர்போர்டில் என்ன இருந்தாலும் அந்த எண் அசையாது. எனக்கு கிராஃபிக்ஸ் கொஞ்சம் மட்டமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, எதிரில் நிற்பவர் மேட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து ஆட வேண்டும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: உங்கள் பேட்டிங்குக்கும் பௌலிங்குக்கும் தனித்தனியாக லெவல் வைக்க வசதி இருந்தால் பௌலிங்கை மட்டும் கூட்டுங்கள். ஓவரையும் குறைக்காதீர்கள். பத்து விக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தே ஓவர் என்றால் யாராக இருந்தாலும் மட்டையைச் சுற்றத்தான் செய்வார்கள்.

கேள்வி: நான் கவரில் ஒரு ஃபோர் அடித்தால் அடுத்த பந்துக்கே கம்ப்யூட்டர் அங்கே ஆளை நிறுத்துகிறது. நிஜக் கேப்டனும் இப்படித்தானா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சில சமயம், ஆனால் நல்ல கேப்டன் பந்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க மாட்டார். கவரை வேண்டுமென்றே காலியாக விட்டு, மட்டை விளிம்பில் பட்டு வரும் பந்தைப் பிடிக்க கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் ஆளைக் கூட்டி ‘டிரைவ் பண்ணு பார்ப்போம்’ என்பார். பேட்ஸ்மேனும் லேசுப்பட்டவர் இல்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவ் ஆடி அவுட்டாகிக்கொண்டிருந்த சச்சின், 2004 சிட்னி டெஸ்டில் கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டு 436 பந்தில் ஆட்டமிழக்காமல் 241 எடுத்தார். போன இன்னிங்ஸில் எப்படி அவுட்டானோம் என்று நினைவில் வைத்து ஆடுகிற கம்ப்யூட்டர் பேட்ஸ்மேனுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன். இப்போது இருப்பவர்கள் ஒரே லைனில் நாலு தடவை போட்டால் நாலு தடவையும் அதே ஸ்லிப்பில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: பழைய ‘கிரிக்கெட் 07’ போதுமா, புதிதாக வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: பழக்கத்துக்காக ஆடுங்கள், எனக்கும் அது பிடிக்கும். ரசிகர்கள் அதற்குப் புது ஜெர்ஸியும் புது வீரர்களும் சேர்த்துவிட்டார்கள், ஆனால் ஜெர்ஸிக்குள் இருக்கும் ஆள் கேம் வெளிவந்த 2006-இல் யோசித்தபடியேதான் யோசிப்பார். மெல்போர்னின் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் 2014-இல் கொண்டுவந்த ‘டான் பிராட்மன் கிரிக்கெட் 14’ கிடைத்தால் ஆடிப் பாருங்கள், கன்ட்ரோலரில் பேட்ஸ்மேனின் காலை ஒரு ஸ்டிக்கிலும் ஷாட்டை இன்னொரு ஸ்டிக்கிலும் நகர்த்த வேண்டும். முதல் வாரம் டக் அவுட்டாகவே வரும், விட்டுவிடாதீர்கள்.