கோடியக்கரையில் பறவை பார்க்க ஏற்ற காலம் எது?

கேள்வி: கடந்த மே மாதம் கோடியக்கரைக்குப் போயிருந்தோம்; ஒரு பூநாரையைக்கூடக் காணவில்லை. இந்தப் பொங்கல் விடுமுறையில் எட்டு வயது மகனோடும், அதிகம் நடக்க முடியாத மாமியாரோடும் மறுபடி போக எண்ணுகிறோம். இம்முறையாவது பறவைகளைப் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சென்ற முறை உங்களை ஏமாற்றியது இடமன்று, மாதம். சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறு கரையோரப் பறவைகள் அக்டோபர் வாக்கில் வரத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இந்த இடத்தின் பெருமையே அந்தச் சில மாதங்களில்தான் இருக்கிறது.

பொங்கல் சமயம் நல்ல தேர்வு. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கையில் சதுப்பில் நீர் ஆழமாக நிற்பதால் நெடுங்காலுள்ள பூநாரைக்கு அது பொருந்துமே தவிர, விரல் நீளக் காலுள்ள கொசு உள்ளானுக்குப் பொருந்தாது. மழை ஓய்ந்து நீர் வடிந்து சேறு வெளிப்படும்போதுதான் சிறு பறவைகள் பெருங்கூட்டமாக இறங்கும். பூநாரை இரை எடுப்பதை உங்கள் மகனுக்கு நிதானமாகக் காட்டுங்கள். அது தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழாக வரும்படி நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, அலகின் ஓரத்துச் சீப்பு போன்ற அமைப்பில் நுண்ணுயிர்களை வடிகட்டிக்கொள்ளும்.

விடிந்ததும் போய்ச் சேர்ந்து, வெயில் உங்கள் முதுகில் விழும்படி நின்று பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். படம் எடுக்க வேண்டும் என்று நெருங்கிக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவோர் உண்டு. திரும்பும் நெடும்பயணத்துக்காகக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைக்கு அந்த வீண் பறத்தல் பெரும் இழப்பு. தலையை உயர்த்தி உங்களை உற்றுப் பார்க்கத் தொடங்கினாலே நின்றுவிடுங்கள். சதுப்பின் உட்பகுதிக்குப் போக விரும்பினால் வனத்துறையிடம் முன்னதாகவே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

நிலம் பெரும்பாலும் சமதரை என்பதால் உங்கள் மாமியார் சிறிது தூரம் நடப்பதில் சிரமம் இராது. புல்வெளியில் வெளிமான்களை வண்டிக்குள் இருந்தபடியே காணலாம். முறுக்கிய கொம்பும் கருமுதுகும் உடையது கலை (ஆண்), பழுப்பு நிறத்தது பிணை (பெண்). வரும் வழியில் அகஸ்தியம்பள்ளியில், இராஜாஜி தலைமையில் 1930-இல் நடந்த உப்புச் சத்தியாகிரகத்தின் நினைவுத்தூணையும் அவருக்குக் காட்டலாம். காட்டுப்பகுதியில் குரங்குகள் உள்ளன. தின்பண்டப் பையை வெளியே எடுக்காதீர்கள்.

பைனாகுலர் அவசியம். பறவையின் காலில் வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால், அதன் நிறத்தையும் எழுத்துகளையும் தேதியோடு உங்கள் மகனைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்துவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அக்குறிப்பை அனுப்பலாம்.