பஷன்: உள்ளே ஒரு பாடு

கல்முனை மாணவி: சேர், நேர்முகப் பரீட்சையில் "உங்கட பஷன் (passion) என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பொழுதுபோக்கைச் சொன்னேன். சரியா?

பிழையென்று சொல்லமாட்டேன், மகள். ஆனால் சொல் அதைவிடக் கனமானது. 'பஸ்ஸியோ' என்ற இலத்தீன் சொல்லுக்குத் துன்பப்படுதல் என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது இயேசுவின் சிலுவைப் பாடுகளைத்தான் குறித்தது. மனதை ஆட்டிப்படைக்கும் உணர்ச்சி என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்ந்தது. ஒரு காரியத்தில் தீராத விருப்பம் என்பது 17ஆம் நூற்றாண்டில்.

வாழைச்சேனை வாசகர்: துன்பமும் ஆசையும் எப்படி ஒரே சொல்லில்?

நம் வாயிலேயே பதில் இருக்கிறது. ஆசைப்படுகிறோம், கோபப்படுகிறோம், கவலைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம். எல்லாவற்றிலும் 'படு'. உணர்ச்சி நாம் செய்வதல்ல, நம்மேல் வந்து விழுவது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கஷ்டத்துக்கும் 'பாடு' என்கிறோம், உழைப்புக்கும் 'பாடுபடு' என்கிறோம். அப்புறம் இலக்கணம்: 'வயல் உழப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. அதை ஆங்கிலத்தில் 'பசிவ்' (passive) என்பார்கள்; அதுவும் பஸ்ஸியோவின் வேரில் பிறந்ததே. இரு மொழிக்கும் உறவில்லை, எண்ணம்தான் ஒன்று. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய நாளில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பின்வாங்கிலிருந்து ஒரு பையன், "படுவான்கரையிலும் படு இருக்கே, சேர்" என்றான். இருக்கிறது; அது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, அங்கே படுவது, அதாவது மறைவது, சூரியன்.

தாண்டவன்வெளி வாசகி: பெரிய வெள்ளிக் காலத்தில் போடும் பாஸ்கா நாடகமும் இதே சொல்லா?

இல்லை. பாஸ்கா எபிரேயரின் 'பெசாக்' திருவிழாப் பெயரிலிருந்து வந்தது. நாடகத்தின் கதை பாடுகள் என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

அக்கரைப்பற்று வாசகர்: ஆஸ்பத்திரியில் சொல்லும் 'பேஷன்ட்'?

அதே வேர். துன்பத்தைத் தாங்குகிறவர். இரக்கத்தைக் குறிக்கும் 'கம்பஷன்' (compassion) என்பது இன்னொருவரோடு சேர்ந்து துன்பப்படுவது.

காத்தான்குடி வாசகி: வீட்டு வேலியில் கொடித்தோடை படர்ந்திருக்கிறது. அதை ஏன் பஷன் புறூட் என்கிறார்கள்?

பழத்துக்காக அல்ல, பூவுக்காக. தென் அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியக் குருமார் அந்தப் பூவில் இயேசுவின் பாடுகளைக் கண்டார்கள். சுற்றியிருக்கும் நார்வளையம் முள்முடி, 5 மகரந்தப் பைகள் ஐந்து காயங்கள், நடுவில் உச்சியிலிருக்கும் 3 குமிழ்கள் ஆணிகள். உங்கள் கொடி மஞ்சள் பழ இனமென்றால் பூ மத்தியானம்தான் விரியும். அந்த நேரத்தில் கிட்டப் போய் எண்ணிப் பாருங்கள்.