பிளெக்ஸ் காசில் ஒரு தாழ்ப்பாள்

ஐயா, எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். ஆசிரியர்கள் நன்றாகத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆனாலும் கையில் கொஞ்சம் காசு புரண்டால் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். பள்ளிக்கு நல்ல பெயர் வர ஊர் முழுக்க பிளெக்ஸ் வைக்கலாம் என்கிறார்கள். வைக்கலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

வணக்கம் சகோதரி,

வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஏற்கெனவே தொங்குகிற பிளெக்ஸ்களுக்கு நடுவில் உங்கள் பள்ளியை யார் நின்று படிக்கப்போகிறார்கள்?

என் அக்கா மகள் காட்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாவது படித்தாள். காலையில் நிரப்பிக்கொண்டு போன தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும், கேட்டால் தாகமே எடுக்கவில்லை என்பாள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால்தான் குடிப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியவே மூன்று மாதம் ஆனது. மறு வருஷம் அக்கா டிசி வாங்கிவிட்டாள். அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சரை இன்றைக்கும் மெச்சுவாள், ஆனால் தெருவில் நாலு பேரிடம் சொன்னதென்னவோ தாழ்ப்பாள் கதையைத்தான்.

அதனால் முதலில் கழிப்பறை. அடுத்த குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு எழுதிவையுங்கள், பிளெக்ஸுக்கு ஒதுக்கிய காசில் தாழ்ப்பாளும் பினாயிலும் வாங்கிவிடலாம்.

அப்புறம், ஐந்தாவது முடிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குக் கோடை லீவிலேயே போங்கள். பீடி சுற்றுகிற வீடு, தறி ஓடுகிற வீடு, எதையும் விடாதீர்கள். போனால் இதைச் சொல்லுங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இன்ஜினியரிங்குக்கும் மறு வருஷமே வந்துவிட்டது. ஆனால் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும், நடுவில் மூன்று வருஷம் ஃபீஸ் கட்டி வேனில் போய்வந்துவிட்டு ஒன்பதாவதில் திரும்பி வந்தால் கிடைக்காது. இது பல வீடுகளில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் தெரிகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டத்திலும் இந்த ஆறாவது கணக்கு உண்டு. (1954இல் முதல்வரான காமராஜர் சட்டமன்றத்துக்கு நின்று ஜெயித்தது உங்கள் குடியாத்தத்தில்தான். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் டீயே கிடைக்கும்.)

ஒன்று மட்டும். "உங்க டீச்சருங்க பிள்ளைங்க எங்க படிக்குது?" என்று ஏதாவது ஒரு வீட்டில் கண்டிப்பாகக் கேட்பார்கள். நீங்கள் சமாளிக்காதீர்கள். டீச்சர்களையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள், அதற்கு அவர்களே பதில் சொல்லட்டும்.