மாஸ்டர் ஏன் பழைய அட்டைக்கே திரும்புகிறார்?

கேள்வி: திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் கம்பெனியை இரண்டு ஆண்டுகளாக அவருடன் சேர்ந்து கவனித்து வருகிறேன். துணி வீணாவதைக் குறைப்பதற்காகக் கணினியில் மார்க்கர் (துணியில் பாகங்களை எப்படி அடுக்கி வெட்டுவது என்ற வரைபடம்) போடும் முறையைக் கொண்டுவந்தேன். நான் பக்கத்தில் நின்ற நாட்களில் துணி மிச்சமாவதைக் கண்ணால் பார்த்தேன். நான் நகர்ந்ததும் கட்டிங் மாஸ்டர் பாகங்களை வரைய உதவும் தம் பழைய அளவு அட்டைகளை எடுத்துவிடுகிறார். கேட்டால், "நம்ம துணிக்கு அது ஒத்துவராதுங்க அம்மணி" என்கிறார். அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் பீஸ் ரேட், அதாவது வெட்டும் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா காலத்து மனிதர் என்பதால் அனுப்பிவிடவும் மனம் வரவில்லை. இன்னொன்று: இரண்டாவது யூனிட் தொடங்கலாம் என்று சொன்னால், "எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் எப்போதோ தொடங்கியிருப்பேன்" என்கிறார் அப்பா. நான் என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்)

பதில்: மாஸ்டரை அனுப்பிவிடும் எண்ணத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். அவருக்குப் பதிலாக நாளை வருகிறவரும் அதே பீஸ் ரேட்டில்தான் வேலை பார்ப்பார். ஒரு மாதத்திற்குள் அவரும் அந்தப் பழைய அட்டைகளைத் தேடி எடுப்பார்.

கூலிக் கணக்கை மாஸ்டரின் பக்கத்திலிருந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். துணி உங்களுடையது, கிலோ கணக்கில் பணம் கொடுத்து வாங்கியது. ஒரு பனியனின் அடக்கவிலையில் பெரும்பங்கு அதற்கே போகிறது, வெட்டுக்கூலி அதில் மிகச் சிறிய பங்கு. புதிய மார்க்கரில் பாகங்கள் நெருக்கமாக அமைவதால் கத்தியை மெதுவாக ஓட்ட வேண்டும், லேயர் விரிக்கும்போதே விளிம்பு பிசகாமல் பார்க்க வேண்டும். அதனால் அன்றைக்கு வெட்டி முடிக்கும் பீஸ் குறையும், சனிக்கிழமை கைக்கு வரும் கூலியும் குறையும். மிச்சமான துணியால் அவருக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. உங்கள் இலாபத்துக்காக அவர் தம் கூலியில் ஒரு பகுதியை விட்டுத்தர வேண்டும் என்று, கேட்கிறோம் என்பதே தெரியாமல், நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவர் சொன்ன பதில் அதற்கான மறுப்பு. அவருடைய தலைமுறைக்கே உரிய மரியாதையோடு சொல்லியிருக்கிறார்.

உங்கள் கட்டிங் டேபிளில் நடப்பது ஏறக்குறைய அப்படியே பாகிஸ்தானின் சியால்கோட் நகரத்திலும் நடந்தது. உலகத்துக்குக் கையால் தைத்த கால்பந்துகளைச் செய்து அனுப்பிய ஊர் அது. வழக்கமான கால்பந்தில் 20 அறுகோணத் துண்டுகளும் 12 ஐங்கோணத் துண்டுகளும் உண்டு. ரெக்சின் என்ற செயற்கைத் தோல் தாளின்மேல் அச்சை வைத்து அழுத்தி அவற்றை வெட்டுவார்கள். அறுகோணங்கள் தேன்கூடு போல இடைவெளியின்றி அடங்கிவிடும். ஐங்கோணங்களுக்கு இடையில்தான் ரெக்சின் வீணாகும். பொருளியல் ஆய்வாளர்கள் ஐவர், ஐங்கோணங்களை மாற்றி அடுக்கிக் கூடுதல் துண்டுகள் எடுக்கும் புதிய அச்சு ஒன்றை வடிவமைத்து, 2012இல் 35 நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். மொத்தச் செலவில் மிச்சமாவது ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். ஆனாலும் இலாபம் சில சதவீதங்களாகவே இருக்கும் தொழிலில் அது சிறிய தொகை ஆகாது. அப்படியிருந்தும், ஓராண்டுக்கு மேல் கழிந்த பிறகு, அந்த அச்சைப் பயன்படுத்திய நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையே இருந்தது.

காரணத்தைத் தேடியபோது அகப்பட்டது பீஸ் ரேட். புதிய அச்சு பழக்கமாகும்வரை வெட்டுபவரின் வேகம் குறையும். குறைந்த வேகத்துக்கு யாரும் ஈடு தரவில்லை. ஆகவே அச்சு சரியில்லை என்றே அவர்கள் முதலாளியிடம் சொன்னார்கள். அடுத்த கட்டமாக ஆய்வாளர்கள் சில நிறுவனங்களில் ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்தார்கள். வெட்டுபவர் ஒருவர் புதிய அச்சைத் தம்மால் சரியாகக் கையாள முடியும் என்று முதலாளியின் முன்னிலையில் செய்துகாட்டினால், அவருக்கு ஏறத்தாழ ஒரு மாத வருமானம் பரிசு. அதன் பிறகு அந்த நிறுவனங்களில் புதிய அச்சின் பயன்பாடு கண்கூடாக உயர்ந்தது. முதலாளிகள் தாங்களாகவே கொடுத்திருக்கக்கூடிய தொகைதான் அது. தங்கள் கூலி முறையே தங்களுக்கு வரும் செய்தியைத் திரித்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முக்கியமாகப் பட்டது. கட்டிங் டேபிளில் என்ன நடக்கிறது என்ற அறிவு முழுவதும் மாஸ்டரின் கையில் இருக்கிறது. உங்களுக்கும் அப்பாவுக்கும் அது அவர் வாய்வழியாகவே வந்து சேர்கிறது. உண்மையைச் சொன்னால் சொன்னவருக்கே நட்டம் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, உண்மை மேலே வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

அதே சமயம், அவர் சொல்வதில் பாதி உண்மையாகவே இருக்கலாம் என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னல் துணி நெய்த துணியைப் போன்றது அன்று. ரோலுக்கு ரோல் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) மாறும், அகலமும் சற்று மாறும். சுற்றிவைத்த துணியை விரித்து ஆறவிடாமல் வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கும். கையால் தொட்டுப் பார்த்தே இதை அறிகிறவர் உங்கள் மாஸ்டர். கணினிக்கு நீங்கள் கொடுத்த அகலம்தான் தெரியும். துணியின் ஓரத்தில் அவர் எதற்காகக் கூடுதலாக இடம் விடுகிறார் என்று கேட்டு, அந்த அளவுகளை மார்க்கரில் ஏற்றினீர்களா? ஏற்றாவிட்டால், இனி ஒவ்வொரு ஆர்டரின் மார்க்கரையும் அவரை அருகில் உட்காரவைத்துக்கொண்டு போடுங்கள். அவருடைய அனுபவம் அதில் சேர்ந்தால் மார்க்கரும் திருந்தும். தாமும் சேர்ந்து செய்த மார்க்கரை அவர் எளிதில் ஒதுக்கிவிடமாட்டார்.

கூலிக்கு வருவோம். பீஸ் ரேட்டை ஒரேயடியாக எடுத்துவிட்டு எல்லோரையும் ஷிப்ட் சம்பளத்துக்கு மாற்றும் ஆசை உங்களுக்கு வரலாம், வேண்டாம். பீஸ் ரேட் உங்களுக்கு வேகத்தைக் கொடுக்கிறது, அதை இழந்தால் மேற்பார்வைக்கு ஆள் போட வேண்டியிருக்கும். பழகும் காலமாக ஆறு வாரத்தை வைத்துக்கொண்டு, அந்த வாரங்களில் பீஸ் குறைந்தாலும் முந்தைய மூன்று மாதச் சராசரிக் கூலிக்குக் குறையாமல் கொடுப்பதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு டஜனுக்கு எத்தனை கிலோ துணி செலவாகிறது என்பதை ஸ்டைல்வாரியாக ஒரு நோட்டில் எழுதி, பழைய அளவை விடக் குறைந்த துணியின் மதிப்பில் ஒரு பங்கை, கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ, மாதாமாதம் மாஸ்டருக்கும் அவர் ஆட்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். துணி மிச்சமாகி, தைத்த பீஸ் அளவு தவறி ரிஜெக்ட் ஆனால் அதையும் கழித்தே பங்கு போட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்துக்காக ஓடிய கத்தி நாளை மிச்சத்துக்காக ஓடும். இந்தத் தொகையைத் தீபாவளி போனஸோடு கலக்கவே கூடாது. போனஸின் குறைந்தபட்ச அளவான 8.33 சதவீதம் சட்டம் சொல்லிக் கொடுப்பது. இது அவர்கள் உழைப்பால் மிச்சமான துணியின் பங்கு.

ஒரு வாக்குறுதியை மட்டும் எழுத்தில் கொடுங்கள்: மாஸ்டரின் வருமானம் உயர்ந்துவிட்டது என்பதற்காகப் பங்கையோ பீஸ் ரேட்டையோ குறைக்கமாட்டீர்கள் என்று. ஒருமுறை அப்படிக் குறைத்தவுடன், முழு வேகத்தையும் ஒருபோதும் காட்டக்கூடாது என்ற பாடத்தைத் தொழிலாளர் கற்றுக்கொள்வர். அதை மறக்கவைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1895இல் தொடங்கிய லிங்கன் எலக்ட்ரிக் என்ற வெல்டிங் கருவி நிறுவனம், பீஸ் ரேட்டை வைத்தே பல தலைமுறைகள் செழித்தது. ஒருவர் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதற்காக ரேட்டைக் குறைக்காத கொள்கையும், 1934 முதல் ஆண்டுதோறும் கொடுத்த போனஸும், சில ஆண்டுகள் பணியாற்றியவரை வேலைக்குறைவைக் காட்டி நிறுத்துவதில்லை என்று 1958இல் கொடுத்த உறுதியும் அதற்குப் பின்னால் இருந்தன. அந்த நிறுவனமே பின்னர் ஐரோப்பாவில் ஆலைகளை வாங்கியபோது, அங்கே பீஸ் ரேட்டை ஏற்காத தொழிற்சங்க மரபுகளுக்கிடையில் இந்த முறை வேர்பிடிக்காமல், தன் வரலாற்றிலேயே முதன்முறையாக 1992இல் நட்டக் கணக்குக் காட்டியது. ஆகவே நான் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பட்டறையின் வழக்கத்தோடு ஒட்டவைத்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். கட்டிங் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் வாங்கிப்போகும் வியாபாரியிடமிருந்து பணத்தை வாங்குவது யார்? அதில் ஒரு பகுதி கட்டிங் பிரிவிலேயே தங்குவது வழக்கமாக இருந்தால், வீணாகும் துணி சிலருக்கு வருமானம். யாரையும் குற்றம் சாட்டாமல், அந்தப் பணத்தை நேராக அலுவலகத்தில் வரவு வைத்துவிட்டு, அவர்கள் இழந்ததையும் மேற்சொன்ன பங்கில் ஈடுகட்டுங்கள்.

இனி அப்பா. அவர் சொன்னது பழமைவாதம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதியிலுள்ள 17 நெசவு நிறுவனங்களில் நிக்கலஸ் புளூம் முதலிய பொருளியலாளர்கள் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாகிறது என்பது முதலாளியின் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதோடு நெருக்கமாகப் பொருந்தி வந்தது. வெளியாள் திருடினால் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர ஆண்டுக்கணக்காகும் நாட்டில், சாவியை அண்ணன் தம்பியிடமும் மகனிடமும் மட்டுமே கொடுப்பது புரிந்துகொள்ளக்கூடிய எச்சரிக்கைதான். சாவியை மகளிடம் கொடுக்கலாம் என்பது ஏன் அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை என்பதற்கு மட்டும் பொருளியலில் பதில் கிடையாது.

அதே ஆய்வில், இருப்பு, பழுது, தரம் ஆகியவற்றை அன்றாடம் எழுதிவைக்கும் எளிய பழக்கங்களைக் கற்றுக்கொண்ட ஆலைகளின் உற்பத்தித்திறன் முதல் ஆண்டிலேயே சுமார் 17 சதவீதம் உயர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அவை மற்றவற்றைவிடக் கூடுதலாகப் புதிய ஆலைகளையும் திறந்தன. எண்கள் அன்றாடம் மேசைக்கு வந்தபோது, முதலாளி எல்லா இடத்திலும் தாமே நிற்க வேண்டிய தேவை குறைந்தது. துணிச் செலவை எழுதும் அந்த நோட்டு உங்களுக்கும் இதே வேலையைச் செய்யும். ஆறு மாதம் விடாமல் எழுதுங்கள். அப்பா ஊரில் இல்லாத வாரங்களை மட்டும் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துவாருங்கள். அடுத்த முறை அவர் மகனைப் பற்றிப் பேச்செடுக்கும்போது, பென்சில் குறியிட்ட பக்கங்களைத் திறந்து அவர்முன் வையுங்கள்.